எஞ்சின் எழுமுன் எண்ணெய் ஊட்டும் கருவி: வாங்கலாமா?

மோட்டார் வண்டியின் எஞ்சின் நெடுந்தூரம் ஓடித்தான் தேய்கிறது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை ஓடிய வண்டியைக் கண்டு இரங்குகின்றோம். காலையிற் சந்தைக்குப் போய்வந்த வண்டிக்கு என்ன நேர்ந்துவிட்டது என்கின்றோம். உண்மை இதற்கு நேர்மாறானது. சூடேறிச் சீராக ஓடும் எஞ்சின் மிகக் குறைவாகவே தேய்கிறது. குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் நிறுத்துவதே அதற்குப் பெருந்துன்பம்.

ஓடும் எஞ்சினில் கிராங் தண்டு தன் பெயரிங்குகளைத் தொடுவதில்லை. பம்பு தள்ளும் எண்ணெய் மெல்லிய படலமாக இடையே நின்று அதனைத் தாங்குகிறது. இரவு முழுவதும் நிறுத்திவைத்தால் எண்ணெயின் பெரும்பகுதி அடியிலுள்ள தொட்டிக்கு வடிந்துவிடும். காலையிற் சாவியைத் திருப்பியபின் பம்பு அழுத்தத்தை உண்டாக்கும்வரை ஓரிரு விநாடிகள் செல்லும். அந்த விநாடிகளைக் காக்கவே முன்கூட்டி எண்ணெய் ஊட்டும் கருவி விற்கப்படுகிறது. அதில் ஒரு வகை, ஸ்டார்ட்டர் சுழலுமுன் எண்ணெயைத் தள்ளும் சிறிய மின்பம்பு. மற்றையது, ஓடும்போதே எண்ணெயை அழுத்தத்துடன் சேமித்துவைத்து, மறுமுறை புறப்படுமுன் திறந்துவிடும் உருளை.

கப்பல்களிலும் மின்நிலையங்களிலுமுள்ள பேரெஞ்சின்களுக்கு இது வேண்டுமா என்ற விவாதமே இல்லை. அவற்றிற் பலவற்றில் எண்ணெய் அழுத்தம் வந்தாலன்றி எஞ்சின் எழாதவாறு பூட்டே அமைந்திருக்கும். ஆனால், வாடகை வான் ஓட்டி வீட்டைக் காப்பவர் தம் சேமிப்பை இதற்குச் செலவிடலாமா?

இங்கேதான் விற்பனையாளரின் வாதத்தைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். "தேய்வின் பெரும்பகுதி புறப்படும்போதே" என்பார்கள். அது பொய்யன்று, ஆயினும் புறப்படுதல் என்பது ஒரு விநாடியா, பத்து நிமிடமா? 1930களில் இங்கிலாந்துப் பொறியியலாளர் சிலிண்டர்த் தேய்வை ஆராய்ந்தபோது, குளிர்ந்த சுவர்களிற் படியும் நீரும் அமிலமும் உண்டாக்கும் அரிப்பே முக்கிய காரணமெனக் கண்டனர். போதாக்குறைக்கு, எரியாத பெற்றோல் அச்சுவரிலுள்ள எண்ணெயையும் கழுவிவிடும். எஞ்சின் சூடேறும்வரை தொடரும் இக்கேட்டை முன்னெண்ணெய்க் கருவி தீர்ப்பதில்லை; அது பெயரிங்குகளுக்கே எண்ணெய் அனுப்புகிறது. அந்தப் பெயரிங்குகளிலோ முன்னாளைய எண்ணெயின் ஈரம் எஞ்சியிருக்கும். எண்ணெயிற் கலந்துள்ள துத்தநாகச் சேர்மமும் உலோகத்தின்மேற் காப்புப் படலம் அமைக்கும். மேலும், கொழும்பின் வெப்பத்தில் எண்ணெய் உறைந்து தயங்குவதுமில்லை.

இன்று நம் வீதிகளில் ஓடும் டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் ஒரே பயணத்திற் பலமுறை எஞ்சினை நிறுத்தி எழுப்புகின்றன. அவற்றில் எரிபொருள் பாயுமுன்னரே மின்மோட்டார் எஞ்சினைச் சுழற்றிவிடுகிறது. அத்தகைய வண்டிக்கு இதை வாங்குவது வீண்செலவு என்றே சொல்வேன்.

தீர்மானிக்க விரும்புவோர் பணத்தை எடுக்குமுன் எண்ணெய் விளக்கைக் கவனிக்கட்டும். காலையில் எஞ்சின் எழுந்து ஓரிரு விநாடிகளில் விளக்கு அணைந்தால், கருவியால் வரும் இலாபம் சொற்பம். நாலைந்து விநாடி எரிந்தால், முதலிற் சந்தேகிக்கவேண்டியது வடிகட்டியை. எண்ணெய் பின்வடியாமல் தடுக்கும் இறப்பர் அடைப்பு நல்ல வடிகட்டிகளில் உண்டு. மலிவானவற்றில் அது விரைவிற் கெட்டுவிடும். பழகிய மெக்கானிக்கிடம், "இவ்வகை எஞ்சினைப் பிரிக்கும்போது தேய்ந்திருப்பது பெயரிங்கா, ரிங்கும் சிலிண்டருமா?" என்றும் கேளுங்கள். பின்னதானால் கருவியால் ஆவது அதிகமில்லை.

கேட்டையும் எண்ணவேண்டும். கருவியோடு புதிய குழாய்களும் மூட்டுகளும் வருகின்றன. அவற்றில் ஒன்று வழியிற் பிய்ந்தால் எண்ணெய் முழுவதும் வீதியிற் கொட்டிவிடும்; பல ஆண்டுத் தேய்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வாரக்கணக்கிற் சும்மா நின்று, மின்சாரம் தடைப்பட்ட சில விநாடிகளில் முழுச் சுமையையும் ஏற்கவேண்டிய வைத்தியசாலை ஜெனரேற்றர் வேறு. அதற்கு இக்கருவி தகும். கடலில் இறங்காது மாதக்கணக்கில் நிற்கும் பெரிய டீசல் படகுக்கும் பொருந்தலாம். நெடுநாள் நின்ற பழைய டீசல் வண்டிக்கோ செலவில்லாத வழியொன்றுண்டு: எரிபொருளை நிறுத்தும் பிடியை இழுத்துவைத்து, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் மட்டும் சுழற்றி, அது ஆற இடைவிட்டு, விளக்கு அணையும்வரை மீண்டும் சுழற்றுங்கள். அதன்பின் பிடியை விட்டு எஞ்சினை எழுப்பலாம்.