ஓட்டப் பித்தும் ஓர் எவர்சில்வர் தட்டும்

பித்துக்களில் பல வகை உண்டு. சங்கீதப் பித்து உடையவரை உலகம் ரசிகர் என்று போற்றுகிறது; புத்தகப் பித்து உடையவரை அறிஞர் என்கிறது. விளையாட்டுப் பித்து உடையவரை மட்டும் ‘வேலையற்றவர்’ என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறது. இந்தப் பட்டத்தை நாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வருகிறோம். சுமந்து பழகியவருக்குப் பாரம் தெரிவதில்லை.

பித்துப் பிடித்த ஆண்டு 1973 என்று திட்டமாகச் சொல்லலாம். நமக்கு அப்போது பதினொரு வயது. ரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டி சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. ஒரு பக்கம் பம்பாய், மறுபக்கம் தமிழ்நாடு. சுழற்பந்துக்கு இசைந்த ஆடுகளம்; நம்மவரிடம் வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தனர். திருநெல்வேலிச் சீமையினின்று பிழைப்புத் தேடி மாட்டுங்காவுக்கு வந்த நம் தந்தையார், “இம்முறை கோப்பை நமக்குத்தான்” என்று மாடிப்படி முழுவதும் பறைசாற்றியிருந்தார். பம்பாய் முதல் ஆட்டத்தில் 151 ஓட்டங்களுக்குச் சுருண்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் பத்மாகர் சிவால்கர் என்னும் இடக்கைச் சுழற்பந்து வீரர் 16 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்த, தமிழ்நாடு 80-இல் அடங்கிற்று. இரண்டாம் ஆட்டத்திலோ 61. மூன்றாம் நாளின் முதற் பந்திலேயே போட்டி முடிந்து விட்டது! பம்பாய்க்கு 123 ஓட்ட வெற்றி.

அன்று தந்தையார் சாதத்தைப் பிசைந்தவாறே உண்ணாமல் அமர்ந்திருந்தார். நாமோ கீழே தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ‘பம்பாய்! பம்பாய்!’ என்று கத்திக்கொண்டிருந்தோம். மாலையில் வீடு திரும்பியபோது அவர் வையவில்லை, அடிக்கவுமில்லை. “உனக்கு இது ஊர், எனக்கு அது ஊர்” என்று மட்டும் சொன்னார். 2024 மார்ச்சில் இதே மும்பையில், பாந்த்ரா குர்லா மைதானத்தில், அரையிறுதியில் தமிழ்நாடு ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றபோது நாம் தமிழ்நாட்டுக்காக ஏங்கினோம். இங்கேயே பிறந்த நம் மகன் மும்பைக்காகக் கை தட்டினான். நாமும் வையவில்லை. தந்தையாரின் சொல்லைத்தான் திருப்பிச் சொன்னோம். வெளி மாநிலத்தில் குடியேறிய வீடுகள் பலவற்றிலும் இந்தக் காட்சி நடந்திருக்கும். எம் வீட்டில் மட்டும் என்று நாம் நம்பவில்லை.

பார்க்கும் பித்தாக இருந்தது ஓடும் பித்தாக மாறியதற்குக் காரணம் வைத்தியர். 2014-இல் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்ட அவர், “இனி மற்றவர் ஓடுவதை நாற்காலியில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தால் போதாது” என்றார். ஐந்து தோட்டம் என்று நம்மவர் சொல்லும் ஃபைவ் கார்டன்ஸ் மரநிழலில் விடியற்காலை நடக்கத் தொடங்கினோம். நடை சில மாதங்களில் மெல்லோட்டமாயிற்று. மூன்றாம் மாடி மாமி எதிர்ப்பட்டு, “என்ன, ரயிலுக்கு நேரமாகி விட்டதா?” என்று கேட்டார். அதற்கென்றே வாங்கிய காலணியின் விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொன்னதும் உண்மை. அந்தப் பாபம் இன்னும் நம் கணக்கில் இருக்கிறது.

மும்பை மாரத்தான் 2004-இல் தொடங்கியது. ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் நடைபெறும். முழு ஓட்டம் 42.195 கிலோமீட்டர். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் ஏறக்குறைய 40 கிலோமீட்டரே. 1908-இல் லண்டனில் ஓடிய தூரமே பின்னர் எங்கும் நிலைத்தது. இதில் பாதியான 21.097 கிலோமீட்டர் ஓடுவோர் ஒரு வகை. சுமார் ஆறு கிலோமீட்டர் ‘கனவோட்டம்’ செல்வோர் மற்றொரு வகை. கனவோட்டத்தில் காந்தியடிகள் வேடம் பூண்டவரும் உண்டு. தோளில் குழந்தையைச் சுமந்தவரும் உண்டு. வேகம் அங்கே பொருட்டன்று.

இந்த ஓட்டங்களின் தனி அழகு ஒன்றுண்டு. கிரிக்கெட்டில் நாம் வேலிக்கு இப்புறமும் வீரர் அப்புறமும் இருக்கிறோம். மாரத்தானில் எத்தியோப்பியாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வரும் உலக வீரர் மிதித்த அதே சாலையை, அதே காலையில், நம்முடைய தொந்தியும் மிதிக்கிறது. சிவ்நாத் சிங் என்னும் பீகார் வீரர் காலணியின்றி ஓடுபவர். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தார். 1978-இல் ஜாலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியர் எவரும் முறியடிக்கவில்லை. விலையுயர்ந்த காலணியை மாட்டும்போதெல்லாம் அவரை நினைத்துச் சற்றே வெட்கப்படுவது நம் வழக்கம்.

2017-இல் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தோம். கடற்பாலத்தின் மேல் இருள் பிரியும் நேரம், உப்புக் காற்று, முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான காலடிகளின் ஓசை. அந்தக் களிப்பில் நாம் செய்த தவறு, பயின்ற வேகத்தை மறந்து இளைஞர்களைப் பின்தொடர்ந்ததுதான். பெடர் ரோடு ஏற்றத்தில் அதற்கு வட்டி கட்டினோம். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிற்று; நடைமேடை ஓரத்தில் அமர்ந்துவிட்டோம். அவ்வீதிக் குடித்தனக்காரர்கள் விடியலிலேயே தட்டுகளில் ஆரஞ்சுச் சுளையும் வேர்க்கடலை மிட்டாயும் ஏந்தி நிற்பார்கள். குஜராத்தி மூதாட்டி ஒருவர் உப்புத் தடவிய சுளை ஒன்றை நம் வாயிலேயே ஊட்டி, “எழுந்திரு மகனே” என்றார். நமக்கோ ஐம்பத்தைந்து வயது. எழுந்தோம். பாதி நடையும் பாதி ஓட்டமுமாக 2 மணி 51 நிமிடத்தில் முடித்தோம்.

பதக்கத்தைக் கழுத்தில் அணிந்தே மின்சார ரயிலில் வீடு திரும்பி, அதைக் கழற்றாமலே உணவுக்கு அமர்ந்தோம். இல்லாள் இட்லி பரிமாறினாள். நாம் கடற்பாலத்தையும் கெண்டைக்காலையும் விரித்துரைத்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தட்டின் விளிம்பில் எழுதியிருப்பதைப் படித்ததுண்டா?” என்றாள். எவர்சில்வர் தட்டு, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சட்னியை விரலால் ஒதுக்கிப் பார்த்தோம். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தேய்ந்து தெரிந்தன: ‘400 மீட்டர், முதல் பரிசு, 1981’.

திருமணமாகி இருபத்தேழு ஆண்டுகள். அந்தத் தட்டில் எத்தனை ஆயிரம் இட்லி உண்டிருப்போமோ! ஒரு நாளும் படித்ததில்லை. பள்ளி முடிந்ததும், வயது வந்த பெண் தெருவில் ஓடுவதாவது என்று வீட்டார் நிறுத்தியதாகச் சொன்னாள். அன்று விடியலில் மூன்றரை மணிக்கு எழுந்து நமக்குக் காபி கலந்து கொடுத்தவளும் அவளே. நம் மூன்றாண்டுப் பயிற்சியில் அந்தக் காபி ஒரு நாளும் தவறியதில்லை. அவள் தூக்கத்தின் மேல்தான் நாம் ஓடிக்கொண்டிருந்தோம். இது நமக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறோம்.

உலகமும் இதில் நமக்கு இளைத்ததன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். பெண்ணுடல் தாங்காது என்று பெரியோர் முடிவு செய்து, 1960 வரை அவ்வோட்டத்தையே நீக்கி வைத்தனர். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் காத்தரின் ஸ்விட்சர் என்ற மங்கை எண் அணிந்து ஓடியபோது, நடத்துநர் ஒருவரே பாய்ந்து அவளைப் பிடித்திழுக்க முயன்றார். அவள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தாள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல்தான்.

எம் வீட்டில் அது 2018-இல் வந்தது. முதலில் காலைக் காபி நம் பொறுப்பாயிற்று. டிகாஷன் இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை ஐம்பத்தாறாம் வயதில் கற்றோம். முழங்கால் வலிக்குமோ என்று அவள் அஞ்சியதால், இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை என்று தொடங்கினோம். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதே அளவுகோல். பேச்சு திணறினால் வேகம் மிகுதி என்று பொருள். (இந்தப் பயிற்சியில் இருபத்தேழு ஆண்டுகளில் பேசாததெல்லாம் பேசி முடித்தோம்.) தாகத்துக்கு நீர் வேண்டும், ஆனால் குடம் குடமாகக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து மயக்கம் வரும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். நாற்பதைக் கடந்தவர் முதலில் வைத்தியரைக் கண்டு இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். புதுக் காலணியைப் போட்டி நாளன்று முதன்முறையாக அணியலாகாது. கொப்புளத்தோடு ஐந்து கிலோமீட்டர் என்பது தனி நரகம்.

2019-இல் அவள் கனவோட்டம் சென்றாள். 2020-இல் இருவரும் அரை மாரத்தான் ஓடினோம். பெடர் ரோடு ஏற்றத்தில், “நீங்கள் மெல்ல வாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான். நமக்குப் பதினொரு நிமிடம் முன்னதாக முடித்து, ஆசாத் மைதானத்தருகே வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றாள். பெருந்தொற்றால் அடுத்த இரண்டு ஆண்டுகள் ஓட்டம் நடைபெறவில்லை. மொட்டை மாடியில் வட்டமடித்தோம். மூன்றாம் மாடி மாமியும் அங்கேதான் நம்மோடு நடக்கத் தொடங்கினார். இன்று அவருக்கு எழுபத்தொரு வயது. ரயிலுக்கு நேரமாகி விட்டதா என்று நாம் அவரைக் கேட்பதில்லை, கேட்கும் துணிவில்லை.

ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு ஃபைவ் கார்டன்ஸில் நம்மவர் சிலர் கூடுகிறோம். ஓட்டம் முடிந்தபின் கிங்ஸ் சர்க்கிளில் இட்லி. கடைசியாக வந்து சேர்பவர் பணம் கொடுப்பது ஏற்பாடு. கடந்த நான்கு வாரமாகக் கொடுப்பவர் யார் என்று நேயர்கள் கேட்க வேண்டா. சங்கத்துத் தாய்மார்கள் வருமாறு சிறப்பாக அழைக்கிறோம். வரும் நாளில் வீட்டுக் காபியைப் பற்றிக் கவலை வேண்டா. டிகாஷன் இறக்கத் தெரியாத கணவன்மாருக்கு நாம் கற்றுக் கொடுக்கிறோம்.