கிழங்கு விளைந்த மலை

கடந்த மாசி மாதம் எமது கமக்காரர் குழுவில் எண்மர் ஹோட்டன் சமவெளிக்குச் சென்று வந்தோம். பலமுறை இடம்பெயர்ந்த வடபகுதி மக்களே எம்மில் அதிகம். மலையையே முன்னர் காணாதவர்களும் இருந்தனர்.

பட்டிப்பொலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், பங்கு மக்கள் வீட்டில் இரவு தங்கினோம். நாலு மணிக்கே அந்த வீட்டு அம்மா அடுப்பு மூட்டிவிட்டார். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து தகரத்தில் சுட்ட தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், அவித்த உருளைக்கிழங்கு, வெறும் தேத்தண்ணீர். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் சாப்பாடு இதுதான். ஆறினாலும் கெடாது, கறியும் தேவையில்லை. அந்தக் குளிரில் தென்னை காய்க்காது. தேங்காய் கீழிருந்துதான் வரவேண்டும். அப்படியிருந்தும் எமக்காக இரண்டு தேங்காய் துருவியிருந்தார். "வெறும் வயித்தோட மலை ஏறாதீங்க ஐயா" என்று மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றித் தந்தார். பூங்கா வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. புல்லின்மேல் துகள் பனி வெள்ளையாகக் கிடந்தது. உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவர ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடை. முகில் மூடுமுன் உலக முடிவுக்குப் போய்விட வேண்டுமென விரைந்தோம். 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். எட்டிப் பார்த்தவர்கள் பேச்சின்றி நின்றனர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மலைப்பகுதியிலிருந்து நீர் போகிறது. முகில் இலைகளிலும் பாசியிலும் படிந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

எமக்கு மறக்க முடியாததாயிருந்தது வேறொன்று. திரும்பும் வழியில் வழிகாட்டி ஒரு புல்தரையைக் காட்டி, அது முன்னர் உருளைக்கிழங்குத் தோட்டம் என்றார். 1960களில் இங்கே காட்டை வெட்டிக் கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகியது. 1988இல் தேசிய பூங்காவாகியது. பயிர்ச்செய்கை நின்று பல தசாப்தங்களாகிறது. காடு மட்டும் திரும்பவில்லை. சமவெளியின் புல்வெளி எல்லாமே மனிதர் வெட்டியதால் வந்ததல்ல, இயற்கையானதும் உண்டு. ஆனால் இந்தத் துண்டில் வெளியிலிருந்து வந்த புல் அடர்ந்துவிட்டது. தப்பி முளைக்கும் கன்றைப் பனி கருக்கும். எஞ்சியதை மரை கடிக்கும்.

எம்முடன் வந்த வலிகாமம் அண்ணர் ஒருவர் செம்மண்ணில் கிழங்கு செய்தவர். 1990இல் காணியை விட்டு வந்தவர். புல்லையே பார்த்தபடி நின்றார்.

"நான் பிறகு போய்ப் பாக்கேக்க என்ரை காணியில வேம்பும் ஈச்சையுமா ஆள் நுழைய ஏலாத காடு. எல்லையே தெரியேல்லை. வெட்டித் துப்புரவாக்க ஒரு வருசம் போச்சு. இங்கை அம்பது வருசமாக் காத்துக்கொண்டிருக்கினம், ஒரு மரம் வரேல்லை."

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு மேலே கல்லொன்றில் இருந்து ரொட்டியைப் பிரித்தோம். குளிரில் விறைத்திருந்தாலும் சம்பலின் உறைப்பு ஏறியது. அண்ணர் மட்டும் கிழங்கைக் கையில் உருட்டிக்கொண்டு, "இந்த மண்ணிலை என்ன விளைச்சல் வந்திருக்கும்?" என்று வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.