சவுக்குத் தோப்பில் தழைக்கணக்கு

காஞ்சிபுரத்தில் கோபுரத் திருப்பணி என்றால் முன்பெல்லாம் முதலில் வந்து இறங்குவது சவுக்குக் கழிகள். சாரம், பந்தல், அடுப்பு, எதற்கும் கிழக்கே கடலோர மணலில் விளைந்த சவுக்குதான். அந்தக் கரை 2019-லிருந்து செங்கல்பட்டு மாவட்டம்.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இன்ஜினுக்கு விறகு போட்டு மாளவில்லை. சென்னைக் கரையோரம் சவுக்கு பெருகியதற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். அன்றைய கணக்கெல்லாம் கட்டையின் கணக்கு. வியாபாரி தோப்பைச் சுற்றிவருவார், நாலு மரத்தைக் கையால் பிடித்துப் பார்ப்பார், இத்தனை டன் தேறும் என்பார், பெரும்பாலும் தேறும். தழையை யாரும் எடைபோட்டதில்லை. உதிர்ந்த சருகு அடுப்புக்குப் போனது.

பார்வைக்குப் பைன் போலிருந்தாலும் சவுக்கு பூக்கும் தாவர இனம். ஊசியாகத் தெரிவது இலையல்ல, பச்சைக் குச்சி. பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்றுவரும். ஒவ்வொரு கணுவிலும் வளையமாக ஆறு முதல் எட்டுச் சின்னப் பற்கள், அவைதான் இலை. உணவு தயாரிக்கும் வேலையெல்லாம் குச்சியின் பச்சைத் தோலில் நடக்கிறது. அப்படியானால் இலைப்பரப்பு என்று எதை அளப்பது? குச்சியைத்தான். ஸ்கேனரில் வைத்தால் அதன் நிழற்பரப்புதான் கிடைக்கும். உருண்டையான குச்சிக்கு அதை 1.57-ஆல் பெருக்கினால் மொத்தப் புறப்பரப்பில் பாதி வரும். ஊசியிலைக்கு ஆய்வாளர்கள் கொள்ளும் அளவு அதுவே.

தழையின் எடைக்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் ஜோசப் கிட்ரெட்ஜ். தண்டின் குறுக்களவுக்கும் தழையின் எடைக்கும் இடையே மடக்கைச் சமன்பாடு ஒன்று இருப்பதை 1944-ல் காட்டினார். இன்றும் அடிப்படை அதுதான். பருத்தது, இளைத்தது எனச் சில மரங்களை வெட்டி, மேல், நடு, கீழ்க் கிளைகளின் தழையைத் தனித்தனியே உருவி நிறுத்து, மாதிரியை ஆய்வக அடுப்பில் எடை குறையாத நிலைவரை உலர்த்துவார்கள். பிறகு மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுத்தாலே தோப்பு முழுதுக்கும் கணக்கு வந்துவிடும். இப்போது செயற்கைக்கோளும் பச்சையை அளக்கிறது. ஆனால் மீட்டருக்கு ஒன்றென நெருக்கி நட்ட தோப்பில் தழை ஓரளவு மூடியபின், எவ்வளவு கூடினாலும் படத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. இளந்தோப்பிலோ இடையில் தெரியும் வெள்ளை மணல் கணக்கைக் கெடுக்கும். தரையில் நின்று நிறுக்கும் வேலையை எந்தப் படமும் மிச்சமாக்கவில்லை.

கொடைக்கானல் பைனுக்குப் போட்ட சமன்பாட்டை இங்கே கொண்டுவந்து பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். தழையின் எடை பிசகினால் இங்கே மண்ணின் கணக்கும் பிசகும். சவுக்கின் வேர்முடிச்சில் பிராங்கியா நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. அதில் கணிசமான பங்கு தழைக்குப் போகிறது. சருகைக் கூட்டி அள்ளினால் மணலுக்குச் சேரவேண்டிய உரமும் கூடவே போகும். எவ்வளவு போகிறது என்பது தழையை நிறுத்தால்தான் தெரியும். வெட்டும் நாளில் நாலு மரத்தின் தழையைத் தனியே தராசில் வைத்துச் சுற்றளவோடு எழுதிவைக்க ஓர் ஆளும் அரை நாளும் போதும். அறுவடைக்கு வந்து நிற்கும் தோப்புகளில் இந்தப் பருவத்திலேயே அதைத் தொடங்கலாம்.