முதுமையைத் தானே அளக்கும் சில்லு

டிரான்சிஸ்டர் தேய அசையும் பாகம் எதுவும் வேண்டியதில்லை. மின்னழுத்தமும் சூடும் போதும். அதன் வாயில் முனையில் மின்னழுத்தம் நிலைத்திருக்கையில், அடியிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தில் மின்னூட்டங்கள் சிக்கிக்கொள்கின்றன. டிரான்சிஸ்டரைத் திறக்கத் தேவையான அழுத்தம் சிறிது சிறிதாக ஏறி, அது மாறும் வேகம் குறைகிறது. சூடு கூடினால் இந்த மூப்பு விரைவுபடும். பகலில் 33 பாகை செல்சியசைத் தொடும் கிள்ளான் பள்ளத்தாக்கில், சாலையோரப் பெட்டிக்குள் ஓய்வின்றி ஓடும் சில்லுகளுக்கு இது சாதாரணக் கவலையல்ல.

இதைக் கண்டுபிடிக்கச் சில்லை உடைத்து மின்னணு நுண்ணோக்கியில் வைக்கலாம். புக்கிட் ஜாலிலில் உள்ள மிமோஸ் போன்ற நிறுவனங்களில் அதற்கான ஆய்வுக்கூடங்கள் உண்டு. ஆனால் உடைத்த சில்லு அத்தோடு சரி. எஃப்பிஜிஏ எனப்படும் மறுநிரலாக்கச் சில்லில் அந்த வேலைக்கே அவசியமில்லை. 1985இல் சைலின்க்ஸ் வெளியிட்ட முதல் எஃப்பிஜிஏவில் 64 தர்க்கக் கட்டங்கள்தான், இன்று லட்சக்கணக்கில். வேண்டிய சுற்றை அவற்றில் எழுதலாம், அழித்து மீண்டும் எழுதலாம். அளவுகருவியும் ஒரு சுற்றுதானே!

அந்தக் கருவியின் பெயர் வளைய அலையியற்றி. 0வை 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றும் 'இல்லை' வாயில்கள் எனும் சிறு சுற்றுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வட்டமாகக் கோத்தால், 0வும் 1உம் மாறி மாறி ஓயாமல் சுற்றும். வாயில்கள் மந்தமானால் சுற்றும் வேகமும் குறையும். புதிதில் ஒரு மில்லிநொடிக்கு 2,00,000 சுற்று எண்ணிய வளையம் பின்னர் 1,98,000 எண்ணினால், தேய்வு 1 விழுக்காடு.

சிக்கல் இனிமேல்தான். சில்லின் சூடு சற்று மாறினாலே எண்ணிக்கை அந்த அளவுக்கு ஆடிவிடும். அதனால் பக்கத்திலேயே வேலை கொடுக்காத இன்னொரு வளையத்தை வைத்து, இரண்டின் வித்தியாசத்தையே எடுக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: மின்சாரத்தை நிறுத்தியதும் சிக்கிய மின்னூட்டங்களில் ஒரு பகுதி விடுபட்டுவிடும். தாமதமாக அளந்தால் கிழடும் இளமையாகத் தெரியும்.

கிள்ளான் துறைமுகத்தில் வெளிநாட்டு மின்கழிவுக் கொள்கலன்கள் அவ்வப்போது பிடிபடுவது மலேசியருக்குப் பழகிய செய்தி. உலகச் சந்தையில் இத்தகைய கழிவிலிருந்து கழற்றி, மெருகேற்றி, புதியதென்று விற்கப்படும் சில்லுகளும் உண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. வளையத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்தி வேக வரைபடம் எடுத்தால் குட்டு வெளிப்படும்: புதிய சில்லில் வேகம் சீராகவே மாறும், பழையதில் முன்பு உழைத்த கட்டங்கள் மட்டும் திட்டுத்திட்டாகப் பின்தங்கியிருக்கும்.

இதே தடயம் ரகசியத்தையும் கசியவிடும். மேகக் கணிமையில் வாடகைக்கு விடப்படும் எஃப்பிஜிஏக்களில், முந்தைய பயனர் நெடுநேரம் வைத்திருந்த 0, 1 மதிப்புகளை, எல்லாம் அழிக்கப்பட்ட பின்னும் மூப்பின் சுவடு கொண்டு மீட்கலாம் என 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். வேலை முடிந்தபின் அழித்தால் போதாது. மறைகுறி எண்களைச் சில்லு இயங்கும்போதே அடிக்கடி தலைகீழாக்கி வைக்க வேண்டும். இரு மதிப்புகளும் சமமாகத் தேய்ந்தால் படிக்க எதுவும் மிஞ்சாது.