ஒளியை முந்திய நியூட்ரினோவும் சரியாகச் செருகாத ஒயரும்

இரண்டு சர்வர் லாகுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தால், சில சமயம் கேள்வி வருவதற்கு முன்னாடியே பதில் போயிருக்கும். "ஏதோ ஒரு மிஷின்ல கடிகாரம் சரியில்லப்பா" என்று சிரிச்சுட்டு வேலையைப் பார்ப்போம். 2011 செப்டம்பரில் இயற்பியல் உலகத்துக்கே இப்படி ஒரு லாக் கிடைத்தது.

ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோக்களை அனுப்புவார்கள். பூமிக்குள்ளேயே சுமார் 730 கிலோமீட்டர் ஓடி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த ஓபரா கருவிக்கு அவை வந்து சேரும். ஒளிக்கு இந்தத் தூரம் சுமார் 2.4 மில்லி நொடி. நியூட்ரினோக்கள் அதைவிட 60 நானோ நொடி முன்னாடி வந்ததாகக் கணக்கு காட்டியது. தூரத்தில் சொன்னால் 18 மீட்டர்.

இதில் சிக்கல் எங்கே? ஜிபிஎஸ் சிக்னல் மலைக்குள் நுழையாது. அதனால் வெளியே வாங்கிய நேரத்தை 8.3 கிலோமீட்டர் ஒளியிழை வழியாக உள்ளே இருக்கும் தலைமைக் கடிகாரத்துக்கு அனுப்பினார்கள். கருவியில் பதிவாகும் ஒவ்வொரு சிக்னலுக்கும் நேர முத்திரை போடுவது அந்தக் கடிகாரம்தான். ஒளியிழையில் சிக்னல் வர எவ்வளவு நேரமாகும் என்று முன்பே அளந்து, அதைக் கழித்துவிடுவார்கள்.

அந்த ஒயரின் கனெக்டர் முழுசாகச் செருகப்படவில்லை. உள்ளே வரும் வெளிச்சம் குறைந்தது. போட்டோடையோடின் சிக்னல் மெதுவாக ஏறி, தேவையான மட்டத்தைத் தாமதமாகத் தொட்டது. தாமதம் சுமார் 73 நானோ நொடி. உள்ளே இருந்த கடிகாரம் அவ்வளவு பின்தங்கிவிட்டது. பின்தங்கிய கடிகாரத்தில் பார்த்தால் வருகிறவர் எல்லாருமே சீக்கிரம் வந்த மாதிரிதானே தெரியும்! கடிகாரத்தின் ஆஸிலேட்டரும் கொஞ்சம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் விளைவு நேர்மாறான திசையில், ஆனால் சிறியது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. சந்தேகம் தீர அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் 3 நானோ நொடி நீளமுள்ள சின்னத் துடிப்புகளை அனுப்பி மறுபடி சோதித்தார்கள். கிட்டத்தட்ட அதே விடை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஒயர் அதேதானே. எத்தனை முறை அளந்தாலும் தற்செயல் பிழைதான் குறையும். அமைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பிழை அசையாது.

அதைச் சோதிக்க வேறொரு கடிகாரம் வேணும். அதே ஆய்வகத்தில் சுமார் 160 மீட்டர் தள்ளி எல்விடி என்ற இன்னொரு கருவி இருந்தது. வானிலிருந்து வரும் மியூவான்களில் சில, இரண்டு கருவிகளையும் கடந்து போகும். பழைய பதிவுகளைத் தோண்டி அப்படிப்பட்ட 306 மியூவான்களை ஒப்பிட்டார்கள். 2008 நடுவிலிருந்து 2011 கடைசி வரை ஓபரா கடிகாரம் சுமார் 73 நானோ நொடி விலகியிருந்தது பளிச்சென்று தெரிந்தது.

திருத்திப் பார்த்தபோது நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை. 2012 மார்ச்சில் குழுத் தலைவர் ஆன்டோனியோ எரெடிடாட்டோ பதவி விலகினார். முடிவை அறிவித்தபோதே "நீங்களும் சோதித்துப் பாருங்கள்" என்று மற்றவர்களிடம் கேட்ட குழு அது. அந்த நேர்மையையும் நினைவில் வைக்கணும்.

நான் பழகிக்கொண்டது இதுதான்: ஆச்சரியமான எண் வந்தால், அதே டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுவதற்கு முன் அந்த ஒயரைத் தொடாத வேறொரு சாட்சியைத் தேடு.