செங்கல் இல்லாமல் ஒரு சுவர்!

வீட்டிலே பெரிய கூடம். பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு அதில் ஒரு தனி அறை வேண்டும். செங்கல் வைத்துக் கட்டினால் வீடெல்லாம் சிமெண்டும் சேறும். மாடி வீடு என்றால், அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்ற கவலை வேறு. என்ன செய்வது?

இருக்கவே இருக்கிறது, இரும்புச் சட்டச் சுவர்! துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை "ப" போல மடித்த சட்டங்கள். தரையில் ஒன்று, கூரையில் ஒன்று. நடுவே இரண்டு அடிக்கு ஒன்றாகத் தூண்கள். இருபுறமும் ஜிப்சம் பலகையை முடுக்கினால் சுவர் தயார்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், தகட்டின் கனமோ சுமார் அரை மில்லிமீட்டர். 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றோ ஏறத்தாழ 25 கிலோ! அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பவை, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத திருகாணிகளே. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

எந்த ஆணி எதற்கு?

முதலில் மரையைப் பாருங்கள். மரத்துக்கு அகன்ற மரை. இரும்புத் தகட்டுக்கு நெருக்கமான மரை. இவ்வளவு மெல்லிய தகட்டில் ஒன்றிரண்டு மரைதான் கடித்துப் பிடிக்க முடியும். அகன்ற மரை துளையைப் பிய்த்துவிடும். பிறகு ஆணி இறுகவே இறுகாது; சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது நுனி. மெல்லிய தகட்டை ஊசி நுனி தானே குத்திக்கொண்டு இறங்கும். தகடு 0.8 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் ஊசி நுனி வழுக்கும். அதற்குத் துளைபோடும் அலகு போன்ற நுனி உண்டு. தானே துளைத்து, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும்.

கடைக்காரர் "கேஜ்" கணக்குச் சொன்னால் ஜாக்கிரதை! எண் கூடினால் கனம் குறைவு. 25 கேஜைவிட 20 கேஜ்தான் கனமானது. பலர் ஏமாறுகிற இடம் இது.

பலகைக்குப் போடும் திருகாணியின் தலை ஊதுகொம்பின் வாய் போல விரிந்திருக்கும். 12.5 மி.மீ. பலகை ஓர் அடுக்கானால் 25 மி.மீ. ஆணி போதும். இரண்டு அடுக்கானால் 35 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தகட்டைத் தாண்டி நுனி சுமார் 10 மி.மீ. வெளியே வரவேண்டும்.

சட்டத்தோடு சட்டத்தை இணைக்க வேறு ஆணி: தட்டைத் தலை, 13 மி.மீ. நீளம். அதற்கும் கறுப்புப் பலகை ஆணியையே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் சார்!" என்பார்கள். ஒன்றல்ல. கறுப்பு ஆணி கடினமானது. பக்கவாட்டு விசை வந்தால் சட்டென்று ஒடியும். அதன் தலை துருத்தி நின்று பலகையையும் புடைக்க வைக்கும். ஈரம் படும் இடத்திலும், கடலோர ஊரிலும் கறுப்பு ஆணி துருப்பிடிக்கும். அங்கே துத்தநாகப் பூச்சுள்ளதுதான் தேவை.

கையில் என்ன வேண்டும்?

ஆழத்தை நிறுத்தும் வசதியுள்ள மின்சாரத் திருப்புளி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஜிப்சம் பலகையின் பலமே அதன்மேல் ஒட்டிய காகிதம்தான். ஆணித்தலை சற்றே உள்ளே பதிய வேண்டும். காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஆணி பிடித்தும் பிடிக்காததுதான். பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும்.

வெட்டுவதற்குத் தகரக் கத்தரி. கைப்பிடி சிவப்பானால் இடப்புறம் வளைத்து வெட்டும். பச்சையானால் வலப்புறம். மஞ்சள் நேராக. சட்டத்தின் இரு மடிப்புகளையும் முதலில் வெட்டி, வளைத்து, பிறகு நடுத்தகட்டை வெட்டினால் வேலை சுலபம். வட்டக்கல் ஓடும் மெஷின் வேகமாக வெட்டும், வாஸ்தவம். ஆனால் வெட்டிய ஓரத்தில் துத்தநாகம் கருகிவிடும். பறக்கும் பொறி கண்ணுக்கு எமன்! கண்ணாடி போடாமல் அதைத் தொடவே கூடாது. வெட்டிய தகட்டின் ஓரமோ சவரக் கத்தி போன்றது. கையுறை அவசியம்.

சுவருக்குள்ளே...

பலகையை மூடுமுன் வீட்டுக்காரர் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது. மின்கம்பி நுழையும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் தகட்டின் ஓரம் கம்பியின் உறையை அறுத்துவிடும். சட்டம் முழுவதும் மின்சாரம் பாயலாம். அந்தச் சுவரில்தான் குழந்தை சாய்ந்து உட்காரும்!

அலமாரியோ டெலிவிஷனோ மாட்டப் போகிறீர்களா? அதற்கான இடத்தில் தூண்களுக்கு நடுவே கனமான ஒட்டுப்பலகையை முன்கூட்டியே பொருத்தச் சொல்லுங்கள். வெறும் ஜிப்சம் பலகையை நம்பி மாட்டிய அலமாரி, புத்தகம் நிறைய நிறையப் பிய்த்துக்கொண்டு வரும். மூடிய பிறகு சொன்னால், மறுபடி உடைக்கத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் மட்டும் போதாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, தரையோடு தரையாக இழுங்கள். மூலையில் ஒளிந்த தகட்டுத் துணுக்குகளும் ஊசி நுனி ஆணிகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். துணியை உதறினால் அத்தனையும் குப்பைத் தொட்டியில்!