குனிஞ்சா டிஸ்க் போயிடுமா? நாள்பட்ட வலியை நீட்டிக்கும் 'அசைவு பயம்' - மீள்வது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு முன்பு, கீழே கிடந்த இரும்புத் துண்டை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் 'சுளீர்' என்று பிடித்துக்கொண்டது. மாத்திரை, பெல்ட், இரண்டு வாரம் லீவு. வலி பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால், அவர் இன்றுவரை குனிவதில்லை. ஷூ லேஸை மகன் கட்டிவிடுகிறான். ரயில்வே ஸ்டேஷன் படிகளுக்குப் பயந்து ஆவடியிலிருந்து ஆட்டோவில் வருகிறார். சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. காரணம் கேட்டால், "திரும்பப் பிடிச்சுக்கிட்டா என்ன பண்றது?" என்கிறார்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால், இவரைப் போன்றவர்கள் இல்லாத தெரு இருக்காது. இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரும் உண்டு.

அது என்ன பயம்?

'கைனிசியோஃபோபியா'. அசைந்தால் மறுபடியும் காயம் பட்டுவிடும் என்ற அளவுக்கு மீறிய பயம். 1990-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இதை அளக்க 'டாம்பா அளவுகோல்' என்ற 17 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாள் இருக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண் 17, அதிகபட்சம் 68. பல ஆய்வுகளில் 37-ஐத் தாண்டினால் பயம் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இது நடிப்பும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஒருமுறை சூடுபட்ட கை அடுப்பைக் கண்டு பின்வாங்குவது போன்றதுதான். சிக்கல் என்னவென்றால், அடுப்பு அணைந்த பிறகும் கை பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது.

பயம் வலியை எப்படி வளர்க்கும்?

பயந்தவர் அசைவதைக் குறைக்கிறார். அசையாத தசை பலம் இழக்கிறது, மூட்டு இறுகுகிறது. பிறகு சின்ன வேலைக்கே வலிக்கிறது. "பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்" என்று பயம் இன்னும் உறுதியாகிறது. வேலை போகிறது, வெளியே போவது நிற்கிறது, மனம் சோர்கிறது. சோர்ந்த மனதுக்கு வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இந்தச் சுழலைத்தான் 'பயம் - தவிர்ப்பு' மாதிரி என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

வலிச்சா உள்ளே காயம்னுதானே அர்த்தம்?

புதிய வலியில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால், மூன்று மாதத்தைத் தாண்டிய நாள்பட்ட வலியில் கணக்கு மாறலாம். திருடன் வந்தால் அடிக்க வேண்டிய பைக் அலாரம், பூனை குதித்தாலே அலறுவதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு மண்டலமும் சில நேரம் அப்படி ஆகிவிடுகிறது. வலி உண்மைதான். ஆனால், அது எப்போதும் புதிய சேதத்துக்கான அடையாளம் இல்லை.

'ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கியிருக்காமே?'

பயத்தை அதிகம் கூட்டுவது இந்த ஒரு வரிதான். முதுகுவலியே இல்லாத சுமார் 3,100 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதாவது, நரைமுடி போல வயதோடு வரும் மாற்றமாகவும் அது இருக்கலாம். ஸ்கேனை மட்டும் வைத்து "இனி குனியவே கூடாது" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

ரெஸ்ட் எடுத்தால் சரியாகாதா?

1995-ல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் புதிதாக வந்த முதுகுவலி. இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்களே வேகமாகத் தேறினார்கள்.

எப்படி மீள்வது?

மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) துணையோடு செய்ய வேண்டியவை:

* பட்டியல் போடுங்கள்: பயப்படும் அசைவுகளை எழுதி, 0 முதல் 10 வரை பயத்துக்கு மார்க் போடுங்கள். செருப்பு மாட்டுவது 3, கோலம் போடுவது 6, தண்ணீர்க் குடம் தூக்குவது 9 என்பது போல.
* சின்னதில் தொடங்குங்கள்: 3 மார்க் வேலையைத் தினமும் செய்யுங்கள். பயம் குறைந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.
* அளவை முன்பே முடிவு செய்யுங்கள்: பத்து நிமிடம் நடை என்றால் பத்து நிமிடம்தான். வலி இல்லாத நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுப்பதுதான் பலரும் செய்யும் தவறு.
* நினைத்ததையும் நடந்ததையும் எழுதுங்கள்: "குனிஞ்சா பிடிச்சுக்கும்னு நினைச்சேன். லேசா வலிச்சுது, அரை மணி நேரத்துல போயிடுச்சு." பயத்தைக் குறைக்கும் மருந்து இந்த அனுபவம்தான்.

லேசான வலி வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த நாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஐயோ, நீங்க தொடாதீங்கப்பா" என்று பாசத்தில் சொல்வதும் பயத்துக்குத் தீனிதான். "மெதுவா பண்ணுங்க, பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விபத்து அல்லது கீழே விழுந்த பிறகு வரும் வலி, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் புதிய வலி - இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

செலவுக்கு என்ன செய்வது?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் சேவையும் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியில் இருப்பவர்கள் அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். அங்கே போகும்போது "முதுகு வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல், "குனியப் பயமா இருக்கு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலியோடு பயத்தையும் கவனித்தால்தான் சிகிச்சை முழுமையாகும்.